பிராட்ஹெட் எதை வாங்குறது: ஃபிக்ஸடா, மெக்கானிக்கலா, ரெண்டு பிளேடா?

போன ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட்டுட்டு கண்ணசந்த நேரம், ட்ராய்ங்கற ஊர்ல இருக்குற தம்பி ஒருத்தன் கடைக்குள்ள நின்னுக்கிட்டே போட்டோ அனுப்புறான். ஒரு செவுரு முழுக்க பிராட்ஹெட், அதாவது வேட்டை அம்போட முனையில மாட்டுற பிளேடு வச்ச தலை, பாக்கெட்டு பாக்கெட்டா தொங்குது, கீழ ஒரே ஒரு வரி, "அண்ணே இதுல எது நேரா போகும்?" இந்த சீசனுக்கு இந்தக் கேள்விய கேக்குற மூணாவது ஆளு அவன். அக்டோபர் 1 இங்க அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல வில்லு வேட்டை சீசன் ஆரம்பம், அதுக்கு முன்னாடி எல்லாருக்கும் இதே குழப்பம்தான், அதனால ஒரே எடத்துல எழுதி வச்சுடலாம்னு உக்காந்துட்டேன்.

ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. இங்க லைசென்ஸ் எடுத்து, வகுப்பு முடிச்சு, கணக்கு வச்சுதான் மான் வேட்டை நடக்குது. நம்ம ஊர்ல 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி இந்தப் பேச்சுக்கே இடமில்ல, அதனால இதைப் படிச்சுட்டு யாரும் வில்லைத் தூக்கிக்கிட்டு மலைப்பக்கம் போயிடாதீங்க.

தம்பி கேட்டதுக்கு என் பதில் கொஞ்சம் கடுப்பேத்தும். வில்லு அம்பை நேரா விட்டா அந்த செவுத்துல இருக்கறதுல முக்கால்வாசி நேராத்தான் போகும், வில்லு கோணலா விட்டா அதை எந்தத் தலை எவ்வளவு மறைக்குதுங்கறதுதான் வித்தியாசமே.

## எதை வச்சு எடை போடுறது

பாக்கெட்டு மேல போட்டிருக்கற மண்டையோடு படத்தை எல்லாம் விட்டுடுங்க. நான் பாக்கறது இவ்வளவுதான்.

முதல்ல, ஃபீல்ட் பாயின்ட், அதாவது பிளேடு இல்லாத ப்ராக்டிஸ் முனை, விழுற எடத்துலயே இதுவும் விழுதா. வருஷம் பூரா நாம ப்ராக்டிஸ் பண்றது ஃபீல்ட் பாயின்ட்ல, அது மொழுக்குன்னு இருக்கும், காத்து அதைப் பிடிக்காது. பிராட்ஹெட்ல பிளேடு இருக்கு, அதாவது அம்போட மூக்குல குட்டி றெக்கை இருக்கு. அம்பு துளி சாய்வா கெளம்பினாலும் அந்த முன் றெக்கை காத்தைப் பிடிச்சு ஒரு பக்கம் இழுக்கும், பின்னாடி இருக்கற இறகு அதைத் திருத்தப் பாக்கும், ரெண்டும் மல்லுக்கட்டும். முன்னாடி பிளேடு எவ்வளவு பெருசோ அவ்வளவு தூரம் விலகும்.

ரெண்டாவது, உள்ள போறதும் வெட்டுறதும். இது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரி, அகலமா வெட்டணும்னா ஆழம் கொறையும், ஏன்னா உங்க வில்லு குடுக்கற சக்தி ஒரே அளவுதான். என் 60 பவுண்டு வில்லுல (நாணை இழுக்க வேண்டிய பலம் அது) 430 கிரெய்ன் எடை அம்பு செகண்டுக்கு 265 அடி போகுது, அம்போட சக்திய கணக்கு போட்டா 67 ஃபுட் பவுண்டு. வீட்டுக்காரம்மா வில்லு 40 பவுண்டு, 370 கிரெய்ன் அம்பு 215 அடி வேகம், 38 ஃபுட் பவுண்டுதான் வருது. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே தலை எப்படிங்க சரிப்படும்?

இங்க ஒரு சின்னக் கணக்கு, கடைக்காரங்க சொல்ல மாட்டாங்க. பாக்கெட்டுல போட்டிருக்கற அகலம் வெட்டுற வட்டத்தோட குறுக்களவு. ரெண்டு பிளேடு 2 இஞ்ச் தலை மொத்தம் 2 இஞ்ச் வெட்டும். நாலு பிளேடு 1 இஞ்ச் தலையும் பிளேடுக்கு அரை இஞ்ச் வீதம் அதே 2 இஞ்ச்தான். மூணு பிளேடு 1 1/8 இஞ்ச் தலைன்னா கிட்டத்தட்ட 1.7 இஞ்ச். அதனால "ரெண்டு இஞ்ச்"னு பெரிய எழுத்துல பாத்ததும் அசந்துடாதீங்க, அந்தப் பெரிய அகலத்தோட லாபம் என்னன்னா அம்பு கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் ஓரத்துல ஏதாவது ரத்தக்குழாய் மாட்ட வாய்ப்பு இருக்கு, அது நெசமான லாபம்தான், ஆனா வெட்டு ரெண்டு மடங்குங்கறது கதை.

மூணாவது, எலும்புல பட்டா தாங்குமா. நாலாவது, கூர், அதைத் திரும்ப நீங்களே ஏத்த முடியுமா. அஞ்சாவது மொத்தச் செலவு, பாக்கெட்டு வெலை இல்ல, மொத்தம். கடைசியா சட்டம்: மிச்சிகன்ல மானுக்கு பிராட்ஹெட் குறைஞ்சது 7/8 இஞ்ச் அகலம் இருக்கணும், இடாஹோ மாதிரி எடத்துல மெக்கானிக்கலுக்கு, அதாவது பட்டதும் பிளேடு விரியற வகைக்கு, ரொம்ப வருஷம் தடையே இருந்துச்சு, சில மாநிலத்துல பின்பக்கம் கொக்கி மாதிரி வளைஞ்சதை விட மாட்டாங்க. வேற மாநிலத்துக்கு வேட்டைக்குப் போறவங்க அந்த வருஷத்து ரூல் புக்கைப் பாத்துட்டு வாங்குங்க.

## வாங்கறதுக்கு முன்னாடி வில்லைப் பாருங்க

இதைச் சொல்லாம மேல போக மனசு வரல, ஏன்னா இதுல நான் காசு விட்டிருக்கேன்.

மொத வருஷம் 30 யார்டுல (ஒரு யார்டு மூணு அடி) என் ஃபீல்ட் பாயின்ட் எல்லாம் உள்ளங்கை அளவுக்குள்ள விழும், பெரிய அர்ஜுனன்னு நெனப்பு. சீசனுக்கு ஒரு வாரம் முன்னாடி மூணு பிளேடு ஃபிக்ஸட் (பிளேடு மடங்காத வகை) தலைய மாட்டி விட்டா ஏழு இஞ்ச் இடது பக்கம். தலை சரியில்லன்னு வேற பாக்கெட்டு வாங்கினேன், அதுவும் இடது, மூணாவது வாங்கினேன், அதுவும் இடது, 120 டாலர் போச்சு. அப்புறம் வில்லு கடையில இருந்த பெரியவர் ஒருத்தர் என் வில்லை வாங்கி ஒரு பேப்பர் வழியா ஒரு அம்பு விட்டார், பேப்பர்ல வட்ட ஓட்டை விழாம பக்கவாட்டுல நீளமா கிழிஞ்சிருந்துச்சு, ஒண்ணும் பேசல, அலன் கீய எடுத்து ரெஸ்டை (வில்லுல அம்பு உக்கார்ற தாங்கி) வலது பக்கம் நகத்தினார். நகத்தினது 1/16 இஞ்ச் இருக்கும். அன்னைக்கு சாயங்காலம் மூணு பாக்கெட்டு தலையும் ஒரே எடத்துல விழுந்துச்சு.

வீட்லயே செய்யலாம். 20 யார்டுல நின்னு ஃபீல்ட் பாயின்ட் மூணு, பிராட்ஹெட் மூணு விடுங்க. பிராட்ஹெட் கூட்டம் எந்தப் பக்கம் இருக்கோ, அங்கேருந்து ஃபீல்ட் பாயின்ட் கூட்டத்தைப் பாத்து ரெஸ்டை நகத்துங்க. பிராட்ஹெட் இடதுல விழுந்தா ரெஸ்ட் வலதுக்கு, கீழ விழுந்தா ரெஸ்ட் மேல. ஒரு தடவைக்கு 1/32 இஞ்ச் போதும். ரெண்டு கூட்டமும் ஒண்ணு சேந்ததுக்கப்புறம்தான் சைட்டை, அதாவது குறி பாக்கற கருவியை, தொடணும், அதுக்கு முன்னாடி தொட்டீங்கன்னா எது எதுனால மாறுதுன்னே தெரியாம போயிடும்.

அம்பையும் பாக்கணும். தலைய மாட்டி உள்ளங்கையில முனைய நிக்க வச்சு சுத்திப் பாக்காதீங்க (ஒரு ஆளு பாத்து மூணு தையல் போட்டான்), ஸ்பின் டெஸ்டர்ல படுக்க வச்சு சுத்துங்க, தலையும் அம்பும் சேர்ற எடம் ஆடாம சுத்தணும். ஆடுச்சுன்னா பெரும்பாலும் இன்செர்ட் (தலைய திருகறதுக்கு அம்பு முனைக்குள்ள இருக்கற குழாய்) நேரா உக்காரல, அந்தத் தலைய வேற அம்புல மாட்டிப் பாருங்க, அங்கயும் ஆடுனா தலைதான் கோணல். 100 கிரெய்ன் தலையில இருந்து 125க்கு மாறுறவங்க இன்னொண்ணு கவனிங்க, 25 கிரெய்ன்ங்கறது ஒன்றரை கிராம்தான், ஆனா மூக்கு கனம் ஏறினா அம்பு விடும்போது கூட வளையும், அதாவது அதே அம்பு மெலிசான அம்பு மாதிரி நடந்துக்கும், டியூன், அதாவது அம்பு நேரா கெளம்புற மாதிரி வில்லைச் சரி பண்றது, திரும்ப பாக்க வேண்டி வரலாம்.

கைப்பிடிய இறுக்கிப் பிடிச்சு முறுக்குற பழக்கம் இருந்தா எந்த ரெஸ்டும் காப்பாத்தாது. நவம்பர்ல தடிமனா ஜாக்கெட் போட்டதும் நாண் கை மேல உரசுறதும் அதே கதைதான், அதனால சீசன்ல போடுற சட்டையோட ஒரு நாளாவது விட்டுப் பாருங்க.

## ஃபிக்ஸட், பிளேடு மாத்துற வகை

மஸ்ஸி மூணு பிளேடு, ஸ்லிக் ட்ரிக் நாலு பிளேடு எல்லாம் இந்த ஜாதி. நடுவுல ஒரு தண்டு, அதுல பிளேடு மாட்டுற பள்ளம். குட்டையா அடக்கமா இருக்கறதால ஃபிக்ஸட்லயே இதுங்கதான் சுலபமா டியூன் ஆகும். மஸ்ஸியோட முனை முக்கோணமா குத்தூசி மாதிரி இருக்கும், எலும்பை உடைச்சு வழி பண்ணிட்டு அப்புறம் பிளேடு வெட்டும்னு கணக்கு, ஆனா அந்த முனை தோலை ஓட்டை போடத்தான் செய்யுமே தவிர வெட்டாது, அதுல கொஞ்சம் சக்தி போகும். 60 பவுண்டுக்காரனுக்கு அது ஒரு விஷயமே இல்ல.

மூணு தலை பாக்கெட்டு நான் பாத்த வரைக்கும் 35ல இருந்து 50 டாலர். பிளேடு பாக்கெட்டு தனியா கெடைக்கும், அதனால ப்ராக்டிஸ்ல மழுங்கினாலும் கவலையில்ல, ஆனா ஒரு சின்ன உழைப்பு இருக்கு: பிளேடு மாத்தினதும் ஸ்பின் பண்ணிப் பாக்கணும், சரியா உக்காராத பிளேடு ஒண்ணு போதும் அம்பு ஆட்டம் காட்ட. மறைஞ்ச செலவு டார்கெட்டு. சாதா ஃபோம் டார்கெட்டுல பிராட்ஹெட் விட்டா ரெண்டு நாள்ல அவல் மாதிரி உதிர்ந்துடும், இதுக்குன்னு வர்ற ஃபோம் 80ல இருந்து 150 டாலர் வரைக்கும் ஆகும். நடுவுல ஓட்டை வச்ச பிளேடு சிலது பறக்கும்போது விசிலடிக்கும், மான் காதுக்கு அது நல்லா கேக்கும், என் அபிப்ராயத்துல அதுக்காகவே ஓட்டை இல்லாததை எடுக்கலாம்.

வெள்ளைவால் மான், 30 யார்டுக்குள்ள, 50க்கு மேல பவுண்டு, டியூன் பண்ண பொறுமை இருக்கு, இந்த நாலும் பொருந்தினா கண்ணை மூடிக்கிட்டு இதான்.

## ஃபிக்ஸட், ஒரே துண்டு வகை

ஜி5 மான்டெக் மாதிரி, முழுசும் ஒரே இரும்பு, ஆடுறதுக்கு ஒரு பாகமும் கெடையாது. மூணு பிளேடு 1 1/8 இஞ்ச். நேர்த்தி பிரமாதம், எலும்புல பட்டு வளைஞ்சாலொழிய வருஷக்கணக்குல ஓடும். கூர் ஏத்துறது இதுல ஒரு சந்தோஷம், மூணு பிளேடுங்கறதால ரெண்டு பிளேடு தட்டையா வைரக்கல்லு மேல ஒரே நேரத்துல படும், ஸ்கெட்ச் பேனாவால ஓரத்துல கறுப்பு பூசிக்கிட்டு தள்ளிக்கிட்டே இருந்தா கறுப்பு எங்க போகலையோ அங்க கல்லு படலன்னு அர்த்தம். ஒரு ரப்பர் பேண்டை இழுத்துப் பிடிச்சு ஓரத்துல லேசா தொட்டா பட்டுனு அறுந்துக்கணும், அழுத்த வேண்டி வந்தா இன்னும் வேலை இருக்கு.

குறைன்னா, கடையில வாங்கும்போது கூர் எனக்கு திருப்தியா இருந்ததில்ல, முதல் நாளே கல்லுல உக்காரணும். அந்த வேலை பிடிக்காதவங்க மேல சொன்ன பிளேடு மாத்துற வகைக்கே போயிடுங்க.

## ரெண்டு பிளேடு, சிங்கிள் பெவல்

இதுக்குன்னு ஒரு மதமே இருக்கு. டாக்டர் எட் ஆஷ்பின்னு ஒருத்தர் 1980கள்ல இருந்து ஆப்பிரிக்காவுல பெரிய மிருகங்கள் மேல அம்பு எவ்வளவு உள்ள போகுதுன்னு வருஷக்கணக்கா சோதிச்சு எழுதினார், கனமான அம்பு, 650 கிரெய்ன் பக்கம், மூக்குல எடை, ஒடியாத தலை, அதோட சிங்கிள் பெவல்னு முடிவுக்கு வந்தார். சிங்கிள் பெவல்னா தச்சாசாரி உளி மாதிரி ஒரு பக்கம் மட்டும் சாய்வு. உள்ள போகும்போது அது திருகிக்கிட்டே போகும், எலும்பைப் பிளக்கும். இறகு எந்தப் பக்கம் சுத்துதோ பெவலும் அதே பக்கம் இருக்கணும், மாத்தி வாங்கினா காசு தண்டம்.

மிச்சிகனுக்கும் ரெண்டு பிளேடுக்கும் பழைய உறவு உண்டு. டெட்ராய்ட்ல தொழில் தொடங்கி 1947ல கிரேலிங்குக்கு மாத்தின ஃப்ரெட் பியர் கம்பெனிதான் ரேசர்ஹெட்டை கொண்டு வந்துச்சு, ரெண்டு பெரிய பிளேடு, குறுக்க செருகுற சின்ன சவர பிளேடு ஒண்ணு. இன்னைக்கும் ரீகர்வ் (நுனி வெளிப்பக்கமா வளைஞ்ச பழைய பாணி) வில்லுக்காரங்க அந்தக் குடும்பத்து தலையத்தான் மாட்டுறாங்க.

முனையிலேருந்தே வெட்டிக்கிட்டு போறதால குறைஞ்ச சக்திக்கு இதை விட்டா வேற ஆள் இல்ல. வீட்டுக்காரம்மாவுக்கு இதைத்தான் மாட்டிக் குடுத்திருக்கேன், போன வருஷம் 38 ஃபுட் பவுண்டுல 16 யார்டுல நின்ன பெட்டை மானை ரெண்டு பக்கமும் ஊடுருவி அம்பு அந்தாண்ட மண்ணுல குத்திக்கிட்டு நின்னுச்சு, இலை மேல ரத்தத்தோட ஈரம்கூட காயல, மான் அறுபதடி தூரத்துல படுத்திருந்துச்சு.

பறக்கறதுல இதுதான் மோசமான பிள்ளை. நீளமான அகலமான தட்டை பிளேடு, அதனால டியூன் தப்பு முழுசும் வெளிய தெரியும், அதுவும் வேகமான வில்லுல. ரெண்டு பிளேடு வெட்டு கீறலா இருக்கறதால சில சமயம் ஓட்டை மூடிக்கிட்டு ரத்தத் தடம் கொறையும், தேடுறது கஷ்டம். வெலை? உயர்தர இரும்புல வர்றது மூணு தலை 100 டாலரைத் தாண்டும். அதை ஒரு புதர்ல தொலைச்சுட்டு வீட்டுக்கு வந்து சொல்ற தைரியம் வேணும்.

## மெக்கானிக்கல்

ரேஜ், செவர், இந்த வகை. போகும்போது பிளேடு மடங்கி இருக்கும், பட்டதும் விரியும், 2 இஞ்ச் வரைக்கும் சாதாரணமா வெட்டும். மடங்கி இருக்கறதால காத்து பிடிக்கறது கம்மி, ஃபீல்ட் பாயின்ட் விழுற எடத்துலயே விழுறதுல இதை அடிச்சுக்க ஆளில்ல, 40 யார்டு தாண்டினா, பக்கக் காத்து அடிச்சா வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். க்ராஸ்போ (துப்பாக்கி மாதிரி பிடிச்சு விடுற வில்லு) வச்சிருக்கறவங்களுக்கும், அதாவது அம்பை செகண்டுக்கு 400 அடி வேகத்துல விடுற மிஷினுக்கு, பெரிய ஃபிக்ஸட் தலைய விட இதுதான் தலைவலி கம்மி. ஆனா க்ராஸ்போவுக்குன்னு பிடிமானம் கெட்டியா செஞ்ச மாடலா பாத்து வாங்குங்க, சாதா மாடல் கெளம்புற உதைப்புலயே விரிஞ்சுடலாம்.

ஆனா இங்கதான் நான் சொன்ன அந்த "மறைக்கறது". டியூன் இல்லாத வில்லுல மெக்கானிக்கல் மாட்டினா தலை நேரா போய்டும், நீங்களும் வில்லு நல்லாருக்குன்னு நம்பிடுவீங்க. அம்போட வாலு ஆடிக்கிட்டேதான் போகும். அப்படி கோணலா போய்ப் படுற அம்பு சக்தியைப் பக்கவாட்டுல கொட்டிடும், உள்ள போகாது. விரியறதுக்கே கொஞ்சம் சக்தி செலவு, அகலத்துக்கு இன்னும் செலவு, அதோட இதுவும் சேர்ந்தா என்னாகும்னு எனக்கு ஒரு அக்டோபர் காட்டிடுச்சு.

ரெண்டாவது வருஷம், 18 யார்டு, மான் என்னைத் தாண்டி சாய்வா நடந்துக்கிட்டு இருந்துச்சு, பின் விலாவுல இருந்து முன் தோள் பாத்து போகணும் அம்பு. சத்தம் கேட்டப்பவே சரியில்லன்னு தெரிஞ்சுது. அம்பு பாதிதான் போயிருந்துச்சு, ஓடுற மானோட விலாவுல மிச்ச பாதி ஆடிக்கிட்டே போச்சு. ராத்திரி பதினொரு மணி வரைக்கும் டார்ச்சோட ஒரு சொட்டு, ரெண்டு சொட்டுன்னு தேடி, விட்டுட்டு, காலையில போய்த்தான் கண்டுபிடிச்சேன். தலைய எடுத்துப் பாத்தா ஒரு பிளேடு விரிஞ்சிருக்கு, ஒண்ணு பாதியிலயே நிக்குது. எந்த கம்பெனின்னு சொல்லல, சாய்வான கோணத்துல ஒரு பிளேடு முன்னாடி பட்டு ஒண்ணு பின்னாடி படுற வாய்ப்பு இந்த டிசைனுக்கே உள்ளது, அந்த வில்லும் அன்னைக்கு டியூன் போயிருந்துச்சுன்னு அப்புறம் தெரிஞ்சுது.

செலவு பாக்கெட்டோட முடியாது. மூணு தலை 45ல இருந்து 60 டாலர், ஒரு மானுக்கு ஒரு தலைன்னு வச்சுக்கோங்க, பிளேடு வளையும். சிலதுல பிளேடைப் பிடிச்சு வைக்க ரப்பர் வளையமோ பிளாஸ்டிக் காலரோ இருக்கும், பனியில அது என்னாகுதுன்னு வீட்டு ஃப்ரீஸர்ல ஒரு ராத்திரி வச்சுப் பாத்துட்டே காட்டுக்குப் போங்க. க்விவர்ல (அம்பறாத்தூணி) இருக்கற ஃபோம்ல இருந்து உருவும்போது பிளேடு விரிஞ்சுக்கும், மரத்து மேல 20 அடில உக்காந்துக்கிட்டு இருட்டுல அதை மடக்கறது விரலுக்கு ஆபத்து. ப்ராக்டிஸுக்கு விரியாத மாதிரி பூட்டுற வசதி செவர்ல இருக்கு, சில பாக்கெட்டுல ப்ராக்டிஸ் தலை தனியா வரும், அது இல்லாட்டி ஒரு தலைய ப்ராக்டிஸுக்குன்னே பலி குடுத்தாகணும்.

55, 60 பவுண்டுக்கு மேல வில்லு, டியூன் கச்சிதம், மான் பக்கவாட்டுல நின்னாதான் விடுவேன்னு கட்டுப்பாடு, அப்படி இருக்கறவங்களுக்கு இது அருமையான ஆயுதம், ரத்தத் தடம் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கும். ஆண் காட்டுப்பன்னிக்கு, தோள் மேல கேடயம் மாதிரி தடிச்ச தோல் இருக்கற மிருகத்துக்கு, நான் மாட்ட மாட்டேன்.

## ஹைப்ரிட்

சின்னதா ஒரு ஃபிக்ஸட் பிளேடு, கூடவே விரியற பிளேடு. விரியலன்னாலும் ஒண்ணு வெட்டுமேங்கற நிம்மதி. ஆனா உராய்வு ரெண்டு பேரோடதும் சேந்து வரும், காத்து பிடிக்கறது மெக்கானிக்கலை விட கூட. சக்தி மிச்சம் இருக்கற 70 பவுண்டுக்காரன் வாங்கட்டும்.

## ஒரே பார்வையில

| வகை | பறப்பு | உள்ள போறது | மறைஞ்ச செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| பிளேடு மாத்துற ஃபிக்ஸட் | டியூன் இருந்தா நல்லா | நல்லா | தனி டார்கெட்டு, பிளேடு பாக்கெட்டு | 50 பவுண்டுக்கு மேல, 30 யார்டுக்குள்ள |
| ஒரே துண்டு | அதே அளவு, ஆட்டம் இல்ல | நல்லா | கல்லு, உங்க நேரம் | தானே கூர் ஏத்துறவங்க |
| ரெண்டு பிளேடு சிங்கிள் பெவல் | தப்பை மன்னிக்காது | எல்லாத்தையும் விட ஆழம் | தலை வெலை, ரத்தத் தடம் கொறையலாம் | 40 பவுண்டுக்காரங்க, ரீகர்வ், பன்னி |
| மெக்கானிக்கல் | ஃபீல்ட் பாயின்ட் மாதிரியே | கோணமும் சக்தியும் பாக்கும் | ஒரு மானுக்கு ஒரு தலை | 60 பவுண்டு, க்ராஸ்போ, நீண்ட தூரம் |
| ஹைப்ரிட் | நடுவாந்திரம் | நடுவாந்திரம் | ரெண்டு தொல்லையும் | 70 பவுண்டு |

தம்பிக்கு 60 பவுண்டு வில்லு, வீட்டுக்குப் பின்னாடி 20 யார்டு எடம், மொத சீசன். குட்டையான மூணு பிளேடு, 100 கிரெய்ன், ஒரே ஒரு பாக்கெட்டு, மிச்சக் காசுக்கு நல்ல டார்கெட்டுன்னு சொன்னேன். நேத்து சாயங்காலம் போட்டோ வந்துச்சு. டார்கெட்டுல மூணு ஃபீல்ட் பாயின்ட் நடுவுல ஒட்டிக்கிட்டு நிக்குது, பிராட்ஹெட் மூணும் நாலு இஞ்ச் இடதுல ஒட்டிக்கிட்டு நிக்குது. "அண்ணே, தலை சரியில்ல போல, மாத்தி வாங்கிடவா?"

ரெஸ்டை வலது பக்கம் தள்ளுடான்னேன்.

"எவ்ளோண்ணே?"

"ஒரு மயிரிழை."